இழுத்துப் பாடிய குடை

தேர்தல் பாட்டால் ஓட்டு விழுமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். டீக்கடையில் ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "பாட்டக் கேட்டா ஜனங்க ஓட்டுப் போடுறாங்க? அவங்க வெவரமானவங்க" என்பார் ஒருவர். "பாட்டு இல்லாம இங்க எவன் ஜெயிச்சான்?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் தேர்தலுக்கு ஒரு வரிகூட எழுதியவர்கள் இல்லை. நான் எழுதியிருக்கிறேன். பாட்டுக்கு ஓட்டு விழும், நன்றாகவே விழும். அது எங்கே போய் விழும் என்பதுதான் தெரியாது. அதைச் சொன்னால் முழுக்கதையையும் கேட்பார்களே என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். எத்தனை டீ அப்படி வீணாகியிருக்கும் என்று தெரியவில்லை. இப்போது எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

எழுபதுகளில் காரைக்காலில் நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் தேர்தல் நடப்பதே நின்றுபோயிருந்தது. அதிகாரிகள் வந்து உட்கார்ந்து நடத்தினார்கள். அதனால் சட்டசபைத் தேர்தல்தான் எங்களுக்கு ஊர்த் தேர்தல். தொகுதி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். காலையில் சைக்கிளை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வீடு திரும்பிவிடலாம். நிற்கிறவருக்கு முக்கால்வாசி வீடு தெரியும். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த வீட்டில் மாடு கன்று போட்டது என்பது வரை தெரியும். அப்படிப்பட்ட தொகுதியில், ஒரு மனிதர் வீடு வீடாகப் போய்ப் பேசினால் போதாது, பாட்டு வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்.

நின்றவர் என் அக்காவின் கணவர். அத்தானுக்கு நெரவியில் கொஞ்சம் நிலம் இருந்தது. தொழில் மனு எழுதுவது. தினமும் சைக்கிளில் காரைக்காலுக்குப் போய், வயதானவர்கள் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் 'மேரி' என்று சொல்லும் நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே ஒரு மேசையைப் போட்டு உட்காருவார். பட்டா, பென்ஷன், பிறப்புச் சான்று என்று எது வேண்டுமானாலும் அவரிடம் வருவார்கள். எந்தக் காகிதம் எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்கும் என்பது அவருக்கு அத்துபடி.

அவரே ஊருக்காக எழுதிய மனு ஒன்று வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. நெரவிக்கு மேற்கே ஒரு வாய்க்கால். அதற்கு அந்தப்புறம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் தெரு. இந்தப் பக்கம் வர பாலம் கிடையாது; பிளந்த பனைமரம் இரண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அதன்மேல் பாசி பிடித்துவிடும். ஒரு ஐப்பசியில், பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்தப் பனைமரத்தில் நடந்தார்கள். தூக்கிய நாலு பேரில் அத்தானும் ஒருவர். முன்னால் போனவருக்குக் கால் வழுக்கி, கட்டில் வாய்க்காலில் விழுந்துவிட்டது. அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தை தக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அத்தான், "மனு எழுதி ஆகாதுப்பா, உள்ள போய் உக்காந்தாத்தான் பாலம் வரும்" என்று சுயேச்சையாக நின்றார். வேறு எந்த ஆசையும் அவருக்கு இல்லை. பாலம் ஒன்றுதான்.

சின்னம் குடை கிடைத்தது. அத்தான் வீட்டிலிருந்த கறுப்புக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். குறுவை வேலை தொடங்கிய நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குடையை விரித்து, "இதாங்க நம்ம சின்னம், மறந்துடாதீங்க" என்று காட்டி, மறுபடி மடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். போகிற வீட்டில் யாருக்காவது மனு தேவைப்பட்டால் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். ஒரு தெருவை முடிக்க ஒரு நாள் ஆகும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய கட்சிக்காரர்கள் காரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டைப் போட்டுக்கொண்டு புழுதி கிளப்பிப் போகிறார்கள், இவர் குடை ரிப்பேர்க்காரர் மாதிரி வாசல் வாசலாக நிற்கிறாரே என்று மானம் போனது.

நான் அப்போது ஒரு டுட்டோரியலில் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குறில் எது, நெடில் எது, ஓசைக்காக எழுத்து நீண்டால் அதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்மேல் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

பாட்டை ஒரே மத்தியானத்தில் எழுதிவிட்டேன்.

"வாய்க்காலத் தாண்ட ஒரு பாலம் வேணும்
வழுக்காமப் போக ஒரு பாதை வேணும்
வானம் இருண்டு வர்ற நேரத்துக்கு
குடை வேணும் குடை வேணும் நமக்கு."

சினிமா மெட்டில் போடக்கூடாது, மண்ணின் மெட்டில்தான் போடவேண்டும் என்று எனக்கு ஒரு திமிர். நடவுப் பாட்டு மெட்டை எடுத்துக்கொண்டேன். பாட ஆளும் இருந்தது. அக்கா வயலில் நடவு நடுகிற பெண்களுக்கு முன்பாட்டுப் பாடுகிற ஒரு அம்மா. ஐம்பதைத் தொட்ட வயது. அவர் எடுத்துக் கொடுத்தால் நாலு வயல் தள்ளி நடுகிறவர்களும் சேர்ந்து பாடுவார்கள். வாய்க்காலில் விழுந்த கட்டிலில் இருந்தவள் அவருடைய மகள். கேட்டதுமே ஒப்புக்கொண்டார்.

பதிவு செய்தது காரைக்காலில் ஒரு பாய் வீட்டு மாடியில். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தவர் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். அதை மற்றவர்கள் தொட விடமாட்டார். "பட்டன நானே அமுக்குறேன் தம்பி, நீங்க பாட்டப் பாருங்க" என்றார். அந்தம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து பாடினார், வரவில்லை. நின்று பாடினார், அதுவும் வரவில்லை. கடைசியில், "குனிஞ்சாத்தாங்க எனக்குப் பாட்டு வரும்" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு, வயலில் நிற்பது போல இடுப்பை வளைத்துக் குனிந்தார். பாய் மைக்கை ஒரு முக்காலியில் தாழ்த்தி வைத்தார். அப்புறம் வந்தது பாருங்கள் குரல், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் கடைசி வரியில் அந்தம்மா நிறுத்திவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, சொன்னா தப்பா நெனக்கக் கூடாது. இந்த எடத்துல மெட்டு இழுக்குதுங்க. இழுத்தா குடை கூடையா ஆயிடுது."

"என்ன ஆயிடுது?"

"கூடைங்க. மண்ணு அள்ளுற கூடை. 'நம்ம குடை'ன்னு வச்சுக்கிட்டா, 'நம்ம'ங்கறத இழுத்துக்கலாம். குடைய வெடுக்குனு சொல்லி முடிச்சிடலாம்."

வயலில் பாடியே வளர்ந்தவருக்கு, எந்தச் சொல்லை நீட்டலாம், எதை நீட்டினால் பொருள் கெடும் என்று தெரிந்திருந்தது. கரும்பலகையில் எழுதிப் போடுகிற எனக்குத்தான் தெரியவில்லை. தெரியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. காதில் விழுந்தது. என் வரியில் நடவு நடுகிற ஒருவர் கைவைப்பதா என்று இருந்தது. பாட்டின் உயிரே அந்த இழுவையில்தான் என்றும் தோன்றியது.

"மழைக்குக் கூடையா பிடிப்பாங்க? கேக்குறவங்களுக்குத் தெரியாதா? நீ மெட்ட விடாம பாடு" என்றேன். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரை 'நீ' என்றுதான் அப்போதெல்லாம் சொல்வேன். அந்தம்மா மறுபடி குனிந்தார், நான் சொன்னபடியே பாடினார்.

ஒரு வாடகைக் காரில் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டைப் போட்டோம். பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் பிள்ளைகள் வாயில், நாலு நாளில் வயலில். எங்கள் தொகுதியே இல்லாத வரிச்சிக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் அதைப் பாடினார்களாம். எல்லையைத் தாண்டி தஞ்சாவூர் மாவட்டத்து வயல்களிலும் பாடி நடவு நட்டார்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு முன்னாள் சிப்பாய் என்னை நிறுத்திக் கைகுலுக்கினார். அவர் பிரெஞ்சுப் பிரஜை, அவருக்கும் ஓட்டு கிடையாது. இதையெல்லாம் அப்போது நான் கணக்கில் எடுக்கவே இல்லை. தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

கருக்களாச்சேரி மீனவப் பெண்கள் விஷயம் இன்னும் மோசம். காலையில் மீன் கூடையோடு வரிசையாக நடந்து வருவார்கள். ஒரு நாள் அவர்கள் தலையிலிருந்த கூடை விளிம்பில் விரலால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு, சிரிப்பும் கும்மாளமுமாக என் பாட்டைப் பாடியபடி வந்தார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சைக்கிளை நிறுத்தி, அந்தப் பாட்டை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அதில் ஒரு அம்மா, "நீங்கதான் எழுதுனதா? எங்க பொழப்பையே பாட்டாக் கட்டிட்டீங்க தம்பி" என்றார். மழையையும் பாலத்தையும் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். தலையில் இருந்த கூடை கண்ணுக்கு நேரே இருந்தது. விரல் தாளம் போட்டதும் கூடையில்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லையே, என்ன செய்ய?

அன்று மாலையே அத்தானிடம் போனேன். கருக்களாச்சேரிக்கு மூன்று நாள் ஒதுக்கி வைத்திருந்தார், குடையோடு வீடு வீடாகப் போக.

"அங்க நீங்க போக வேண்டியதே இல்ல அத்தான். பாட்டு முன்னாடியே போய்ச் சேந்துட்டுது. குடைய வீட்டுல வச்சிட்டுக் கார்ல ஏறுங்க, நாலு தடவ சுத்தி வருவோம்" என்றேன்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுனா நல்லதுல்ல தம்பி?" என்றார்.

"எல்லார் வாயிலயும் நம்ம சின்னம் இருக்கு. இன்னும் என்ன பேசணும்?"

அவர் குடையை ஆணியில் மாட்டினார். கருக்களாச்சேரியில் கார் நாலு சுற்றுச் சுற்றியது, அவர் உள்ளே உட்கார்ந்து கும்பிட்டார். அங்கே ஒட்டிய நோட்டீஸ்களை உப்புக்காற்று உரித்துப் போட்டிருந்தது. பாட்டு மட்டும் கணீரென்று கேட்டது.

கூடைச் சின்னத்திலும் ஒருவர் நின்றார் என்பதை இங்கேதான் சொல்லவேண்டும். ஒரு ரைஸ்மில் கணக்குப்பிள்ளை. முதலாளியோடு ஏதோ மனத்தாங்கலில் வேட்புமனு கொடுத்துவிட்டு, பிறகு சமாதானமாகி, தான் நிற்பதையே மறந்துவிட்டவர். ஒரு நோட்டீஸ் அடிக்கவில்லை. ஒரு வீட்டுப் படி ஏறவில்லை. அவரை நாங்களும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

எண்ணினார்கள். பெரிய கட்சிக்காரர் ஜெயித்தார். அத்தான் இரண்டாவது. கணக்குப்பிள்ளை மூன்றாவது. அவருக்கு விழுந்த ஓட்டில் பாதி எங்களுக்கு விழுந்திருந்தால் அத்தான் ஜெயித்திருப்பார். கருக்களாச்சேரிப் பெட்டிகளைக் கொட்டியபோது கூடைக்கு நேரே முத்திரை விழுந்த சீட்டுகளை அடுக்கடுக்காக எடுத்து வைத்தார்கள். அத்தானின் ஏஜெண்டாக நானே உட்கார்ந்து பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப்புறத்துத் தெருவின் ஓட்டு மட்டும் சிந்தாமல் சிதறாமல் குடைக்கு விழுந்திருந்தது. அந்தம்மா வீடு வீடாகப் போய், "குடைங்கடி, மழைக்குப் பிடிக்கிறது, பாட்டக் கேட்டு ஏமாந்துடாதீங்க" என்று சொல்லி வைத்தாராம். கணக்குப்பிள்ளை அன்றிலிருந்து தோளில் துண்டு போட ஆரம்பித்தார். தனக்கு இவ்வளவு செல்வாக்கு என்று அவருக்கே தெரியாமல் இருந்ததாம். அடுத்த தேர்தலிலும் நின்றார். அதில் அவர் சொந்தக்காரர்களே ஓட்டுப் போடவில்லை, பாட்டு இல்லையே.

ரிசல்ட் வந்த மறுநாள் காலை, அக்கா வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்கிய அம்மா, அத்தானுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். "எங்க ஊரே கூடையிலதான் குத்துனோம். அப்புறம் எப்படிங்க தோத்தாரு?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்னடா சொல்றாங்க? கூடைங்கறாங்க?"

அந்த இடத்தில் எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் தாராளம். நான் சொன்னது இதுதான்: "பாடுனவங்க இழுத்துட்டாங்கக்கா. குடை கூடையாக் கேட்டிருக்கு."

"அவளா?" என்றாள் அக்கா. அந்த நடவிலிருந்து அந்தம்மாவை வயலுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்தம்மா வந்து ஏன் என்று கேட்கவும் இல்லை, நான் முன்னாடியே சொன்னேனே என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருக்க முடியாது. அதனால்தான் அந்த மௌனம் எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

அத்தான் என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "விடு தம்பி, யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு" என்றார். யாருக்குத் தெரியும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும். மறுவாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். ஜெயித்தவருக்கே பாலம் கேட்டு ஒரு மனு எழுதினார், என்னைக் கூப்பிட்டுப் பிழை திருத்தவும் சொன்னார். திட்டித் தீர்த்திருந்தாலாவது நான் எதையாவது உளறிக்கொட்டி, பாரத்தை இறக்கியிருப்பேன். இவ்வளவு நல்ல மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அதற்குப் பிறகு இரண்டு தேர்தல் வந்து போயிற்று. அத்தான் நிற்கவில்லை. கட்சிக்காரர்கள் என்னிடம் பாட்டுக் கேட்டு வந்தார்கள். "நீங்க எழுதுனா ஜனம் அப்படியே கேக்குதுங்களே" என்றார்கள். ஒருவரை வாசலோடு அனுப்பினேன். இன்னொருவரை நாயை ஏவி விரட்டாத குறை.

எண்பதுகளின் நடுவில் ஒரு சம்பா நடவு. மழை முந்திக்கொண்டு வந்துவிட்டது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நட ஆள் கிடைக்கவில்லை. அக்கா வரப்பில் நின்று யார் யாரையோ பேர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தாள். "அந்தம்மாவக் கூப்பிட்டா பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு வருவாங்களே" என்றேன்.

"அவளையா? ஜெயிக்க வேண்டியவரத் தோக்கடிச்சவ."

ஏழெட்டு வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. "அக்கா, அவங்க சொன்னாங்க. இழுத்தா கூடையாயிடும்னு பாடுறதுக்கு முன்னாடியே சொன்னாங்க. வேற மாதிரி பாடவும் வழி சொன்னாங்க. நான்தான் கேக்கல."

அக்கா கையிலிருந்த நாற்றுக் கட்டைக் கீழே வைத்தாள். என்னை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"பேரப்புள்ளைய அந்த வாய்க்கால்ல பறிகொடுத்தவங்கடா. அவங்களப் போயி இத்தன வருஷமா..." நாற்றுக் கட்டை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "போ. நீயே போய்க் கூப்பிடு. உங்க அத்தான் வந்ததும் அவர்கிட்டயும் நீயே சொல்லு" என்றாள்.

போனேன். வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அதே இடத்தில் பனைமரம் போட்டிருந்தார்கள், பழையது இற்றுப்போய்ப் புதிதாகப் பிளந்து போட்டது. அதிலும் அதற்குள் பாசி. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். அந்தத் தெருவுக்காகப் பாட்டு எழுதினேனே தவிர, மழைக்காலத்தில் ஒரு தடவைகூட அதைத் தாண்டியதில்லை. பாதி வழியில் கால் வழுக்கத் தொடங்கி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் நின்றுவிட்டேன்.

அந்தம்மா எதிர்க்கரையில் பார்த்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு அந்தப் பனைமரத்தில் நடந்து வந்து கையை நீட்டினார்.

"கீழ பாக்காதீங்க தம்பி. என் கையப் பாத்துக்கிட்டு வாங்க."

கையைப் பிடித்துக்கொண்டேன். கரைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்திருந்தது, அங்கேயே வந்துவிட்டது. "அக்கா உங்கள நடவுக்குக் கூப்பிட்டு விட்டுச்சு. தப்பு என் பேர்லதான்னு இன்னிக்குத்தான் சொன்னேன். இத்தன வருஷமா உங்களுக்கு வேல இல்லாமப் பண்ணிட்டேன்."

அந்தம்மா காலை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

"வேல போனதுல என்னங்க தம்பி, வேற வயல்ல நட்டேன்" என்றார். "அன்னிக்கு நான் சொன்னதக் கேட்டிருந்தீங்கன்னா, பாலம் வந்திருக்கும்ல?"